ராமேஸ்வரத்துலேருந்து கிளம்புற வாரம்

கோடியக்கரையில ஆரம்பிச்சு கடலை ஒட்டியே தெக்க வந்துக்கிட்டு இருந்தேன், தனியாத்தான், ஒரு பை, பஸ்ஸு, ஷேர் ஆட்டோ, அவ்வளவுதான். மல்லிப்பட்டினம், கோட்டைப்பட்டினம், தொண்டி, தேவிப்பட்டினம்னு எங்கயும் ரொம்ப நிக்கல. ராமேஸ்வரம் வந்ததும் நின்னுட்டேன். சங்குமால் பக்கம் ஒரு வீட்டு மாடி ரூமை மாச வாடகைக்கு எடுத்து, காலையில டீக்கடைக்குப் போனா நான் சொல்லாமலே சர்க்கரை கம்மியா டீ வர்ற அளவுக்கு ஊரோட ஒட்டிக்கிட்டேன். அப்புறம் கிளம்ப வேண்டிய வாரமும் வந்துச்சு. தனியா நீண்ட நாள் சுத்துறவங்க நிறைய பேரு இப்ப இருக்காங்க, பொண்ணுங்களும் இருக்காங்க, அவங்களுக்கு உதவும்னுதான் அந்த கடைசி வாரத்தை எப்படி கழிச்சேன்னு எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு அழுத்தமா சொல்லணும். கடைசி வாரத்துல புது இடம் எதுக்கும் போகாதீங்க. எனக்கும் விட்டுப்போன இடம் நிறைய இருந்துச்சு. குருசடைத் தீவுக்குப் போகல, ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்குப் போகல, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு முன்கூட்டியே பேர் குடுத்து அனுமதி வாங்கணும், அதுவும் செய்யல. கிளம்புற தேதி முடிவானதும் இதெல்லாம் ஒண்ணொண்ணா வந்து மனசை அரிக்கும், இவ்ளோ நாள் இருந்துட்டு இத பாக்காம போறியான்னு கேக்கும். கேக்கட்டும். ஒரு புது இடத்துக்குப் போனா காலையில கிளம்பி ராத்திரி வரணும், அங்க மறுபடியும் முன்ன பின்ன தெரியாத முகங்க, டிக்கெட் கவுன்டர், வழி விசாரிக்கிறது. இங்க நம்மள தெரிஞ்சவங்க அஞ்சு நிமிஷ நடையில இருக்கப்ப, இருக்குற கொஞ்ச நாளை பஸ்ஸுல உக்காந்து தீர்க்குறது எனக்கு சரியாப் படல. கலாம் வீடு, பேக்கரும்பு நினைவிடம், கந்தமாதன பர்வதம் எல்லாம் வந்த புதுசுலயே பாத்தாச்சு, பாக்காதது பாக்காததாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

சரி, தெரிஞ்சவங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னா அது நினைக்கிற மாதிரி சுலபம் கிடையாது, ஏன்னா இது கடலுக்குப் போற ஊரு. நாம ஃப்ரீயா இருக்கப்ப அவங்க கடல்ல இருப்பாங்க. இங்க விசைப்படகுக்கு வாரத்துல 3 நாள், நாட்டுப்படகுக்கு மீதி 4 நாள்னு முறை வச்சிருக்காங்க. விசைப்படகு போன மறுநாள் காலையில ஜெட்டி பக்கம் போனீங்கன்னா மீன் இறக்குறது, ஏலம், ஐஸ் உடைக்கிறதுன்னு யாரும் தலை நிமிர மாட்டாங்க, அந்த நேரத்துல போயி அண்ணே நான் ஊருக்குக் கிளம்புறேன்னு நின்னா பாவம் அவங்களுக்கும் சங்கடம் நமக்கும் சங்கடம். மதியம் சாப்பிட்டு தூங்கி எந்திரிச்சு, சாயங்காலம் வலை பொத்துறப்ப போங்க, கை வேலை செய்யும், வாய் பேசும், பக்கத்துல உக்காந்துக்கலாம். இன்னொண்ணு, எல்லை தாண்டுனாங்கன்னு இலங்கைப் பக்கம் ஆளையோ படகையோ பிடிச்சுட்டா இங்க ஸ்ட்ரைக் அறிவிச்சுடுவாங்க, அப்ப எல்லா கணக்கும் மாறிடும், ஆம்பளைங்க வீட்ல இருப்பாங்க ஆனா மனசு இருக்காது. அந்த மாதிரி வாரம் அமைஞ்சா விடைபெறுறத சுருக்கமா வச்சுக்கங்க. யாரு வீட்டு ஆளு உள்ள இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க.

நான் கிளம்புற தேதியையே கடல்பாசி எடுக்குற ஒரு அக்காவ வச்சுத்தான் முடிவு பண்ணேன். என் ரூமுக்குப் பின்னாடி தெரு. பாசி எடுக்குறவங்களுக்கு அமாவாசை பௌர்ணமிய ஒட்டித்தான் வேலை, அப்பத்தான் கடல் நல்லா வத்தி பாறை தெரியும், நடுவுல அஷ்டமி நவமி சமயம் வீட்ல இருப்பாங்க. அதனால மாசி மாசம் தேய்பிறை அஷ்டமிய பிடிச்சேன். அதுல இன்னொரு லாபமும் இருக்கு, மகா சிவராத்திரி கூட்டம் முழுசா சேர்றதுக்கு முன்னாடி வெளிய வந்துடலாம். சிவராத்திரி, ஆடி அமாவாசை, தை அமாவாசை வர்ற வாரத்துல உங்க கடைசி நாள் விழாம பாத்துக்கங்க, லாட்ஜ் ரேட்டு ஏறும், ரயில்ல பஸ்ஸுல நிக்க இடம் இருக்காது, தெருவுல நாம தினமும் நின்னு பேசுற ஆளு வியாபாரத்துல இருப்பாரு. சொல்லிக்காமத்தான் போக வேண்டியிருக்கும்.

அந்த அக்கா கையைப் பத்தி சொல்லியே ஆகணும். கடல்ல இறங்குறதுக்கு முன்னாடி பத்து விரல்லயும் துணி சுத்துவாங்க. பழைய பருத்திச் சேலைய ஒரு விரல் அகலத்துக்கு நீளமா கிழிச்சு வச்சிருப்பாங்க, நகத்துக்குக் கீழ ஆரம்பிச்சு ரெண்டாவது கணு வரைக்கும் இறுக்கி சுத்தி, கடைசி முடிச்சு ஒரு கையால போட முடியாதுல்ல, அத பல்லால கடிச்சு ஒரு இழு. சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை, கால்ல ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்புல பாசிய போட ஒரு பை. மரிக்கொழுந்து பாசி பாறைய விடாம பிடிச்சிருக்கும், அத பிச்சு பிச்சு எடுக்குறப்ப பாறை முனை கிழிக்கும், துணி இல்லன்னா விரல் மிஞ்சாது. நம்ம ஜெல்லியிலயும் கடல்பாசி இனிப்புலயும் இருக்குற அகர் அகர் இந்த மாதிரி பாசியிலேருந்துதான் வருது. இத தெரிஞ்சுக்கிட்டு சாப்பிடுறவங்க எத்தனை பேருன்னு எனக்கு அப்பப்ப தோணும்.

கிளம்புறப்ப அக்காவுக்கு என்ன குடுக்குறதுன்னு ரொம்ப யோசிச்சேன். காசு குடுக்கக்கூடாது, எத்தனை நாள் அவங்க வீட்டு மீன்குழம்ப சாப்பிட்டிருக்கேன், அதுக்கு விலை போட்ட மாதிரி ஆயிடும். பையில சுமையக் குறைக்கணும்னு எடுத்து வச்சிருந்த ரெண்டு துப்பட்டா இருந்துச்சு, விரலுக்கு சுத்த ஆகுமான்னு கொண்டுபோனேன். அக்கா ரெண்டையும் வாங்கி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவுல வச்சு தேய்ச்சுப் பாத்தாங்க. "இது வேணாம் தாயி, இதுல நைலான் கலந்திருக்கு, தண்ணியில வழுக்கும், முடிச்சு நிக்காது. இந்த மஞ்சக்கலரு நல்ல பருத்தி, இத வச்சுட்டுப் போ"ன்னு சொல்லி, அங்கேயே ஓரத்த பல்லால கடிச்சு விட்டு சர்ருனு நீளமா கிழிச்சாங்க. இன்னொண்ண மடிச்சு என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டாங்க. எனக்கு அப்ப இருந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமில்ல. நம்மகிட்ட இருக்குறதுல அவங்களுக்கு எது உபயோகம்னு அவங்களையே பாத்து எடுக்கவிடுங்க, கடையில போயி சுவர்க்கடிகாரம் வாங்கிக் குடுக்குறதவிட இது நல்லது.

போட்டோவும் அப்படித்தான். போன்ல எடுத்தத வாட்ஸ்அப்ல அனுப்பிடலாம், ஆனா வயசானவங்களுக்கு அது எங்க போச்சுன்னே தெரியாது. கடைசி வாரத்துல ஒரு ஸ்டூடியோவுல நல்லதா கொஞ்சம் பிரின்ட் போட்டு கையில குடுங்க. டீக்கடை அண்ணன் படத்த நான் லேமினேட் பண்ணிக் குடுத்தேன், உப்புக்காத்துல சாதாரண பிரின்ட் சீக்கிரம் நமுத்துப்போகும்.

பணக் கணக்கை கடைசி நாளுக்கு வைக்காதீங்க. மெஸ்ல பாக்கி, தண்ணி கேன், அயர்ன் கடை, ரூம் கரன்ட் பில், அட்வான்ஸ் திரும்ப வாங்குறது, இதெல்லாம் அஞ்சாறு நாள் முன்னாடியே முடிச்சுட்டேன். அட்வான்ஸ் விஷயத்த வீட்டுக்காரம்மாகிட்ட முன்கூட்டியே சொன்னா அவங்களுக்கும் காசு புரட்ட நேரம் கிடைக்கும். காசு பேச்செல்லாம் முன்னாடியே முடிஞ்சா, கடைசி நாள் வாசல்ல நின்னு பேசுறப்ப பேச்சு வேற மாதிரி இருக்கும், அத நான் கண்ணால பாத்தேன்.

கோயில் விஷயத்துல ஒரு யோசனை. 22 தீர்த்தம் ஆடணும்னு இருந்தா கிளம்புற அன்னைக்கு வைக்காதீங்க, ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடி, வார நாள்ல, விடியக்காலையில வச்சுக்கங்க. முதல்ல அக்னி தீர்த்தம், அதாவது கடல், அப்புறம் உள்ள போயி 22 கிணறு, வாளி வாளியா தலையில ஊத்துவாங்க, ஈரத்துணியோட சாமி கும்பிட விடமாட்டாங்க, மாத்திக்கிட்டுத்தான் போகணும். கடல் தண்ணி பட்ட துணி வெயில்ல எவ்ளோ காயப்போட்டாலும் பிசுபிசுன்னு இருக்கும், நல்ல தண்ணியில அலசினாத்தான் சரியாகும், அதுக்கு ஒரு முழு நாள் வேணும். ஈரத்துணிய பையில திணிச்சுக்கிட்டு அடுத்த ஊருக்குப் போனா மொத்த பையும் நாறும்.

ஆனா எனக்குப் பிடிச்சது தீர்த்தத்தவிட மூணாம் பிரகாரம்தான். 1212 தூணுன்னு சொல்வாங்க, ஒரு மூலையில நின்னு பாத்தா அடுத்த மூலை கண்ணுக்கு சிறுத்துப் போகும். உள்ள செல்போன் கொண்டுபோக முடியாது, வெளியவே குடுத்துட்டுப் போகணும். மத்த நாள்ல அது தொந்தரவா இருக்கும், கடைசி நாட்கள்ல அது பெரிய உதவி. படம் எடுக்க முடியாது, யாரும் கூப்பிட முடியாது, மத்தியானம் 3 மணிக்கு நடை திறந்ததும் போனா வெயிலுக்கு கல் தரை குளுகுளுன்னு இருக்கும், ஒரு சுத்து நடந்துட்டு உக்காந்துடுவேன். தனியா சுத்துறவங்களுக்கு கடைசி வாரத்துல சாயங்காலம்தான் கனமா இருக்கும், வேலை ஒண்ணும் இருக்காது, ரூம்ல பை பாதி கட்டினபடி கிடக்கும், அத பாத்தாலே அழுகை வரும். அந்த நேரத்துக்கு தினமும் ஒரே இடம்னு ஒண்ணு வச்சுக்கிட்டா கொஞ்சம் பிடிமானமா இருக்கும். கோயில் இல்லன்னா கடற்கரை, சர்ச்சு, பள்ளிவாசல் தெருவுல ஒரு டீக்கடை, எதுவானாலும் சரி.

தனுஷ்கோடிக்கு கடைசியா ஒரு தடவை போனேன். அது புது இடம் இல்ல, அதனால போகலாம். டவுன் பஸ் இருக்கு, ஒரு 20 கிலோமீட்டர் வரும், சாயங்காலம் இருட்டுறதுக்கு முன்னாடியே எல்லாரையும் வெளிய அனுப்பிடுவாங்க, அதனால காலையிலயே போங்க. 2017ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்ததுலேருந்து எல்லாரும் நேரா முனைக்குப் போயி செல்ஃபி எடுத்துட்டு திரும்பிடுறாங்க. நான் இடிஞ்ச சர்ச்சுகிட்டயே இறங்கிட்டேன். அங்க மீன் பொரிச்சு விக்கிற ஒரு பாட்டிகிட்ட முன்னாடியே பழக்கம். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல பாம்பன்லேருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஆளோட கடல்ல போனது நமக்கெல்லாம் படிச்ச செய்தி, அவங்களுக்கு அது வீட்டுக் கதை, அவங்க அம்மா யாரு கையப் பிடிச்சுக்கிட்டு எந்த மேட்டுல ஏறினாங்கன்னு இடத்தக் காட்டி சொல்வாங்க. ஊரே போயும் இந்த மண்ண விடாம இருக்காங்க. எப்படி பாட்டி இருக்கீங்கன்னு கேட்டா, மணல்ல தோண்டியிருக்குற ஊத்தக் காட்டுவாங்க. கடல் கண்ணுக்கு முன்னாடி இருக்கு, ஆனா அந்தக் குழியில ஊறுறது நல்ல தண்ணி. மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி, உப்புத்தண்ணியவிட லேசா இருக்குறதால அதுக்கு மேலயே நிக்குது, அதனால ஆழமா தோண்டக்கூடாது, சிரட்டையால மெல்ல மெல்ல மொள்ளணும், அவசரப்பட்டு அள்ளினா உப்பு ஏறிடும்னு சொன்னாங்க. அந்தத் தண்ணியத்தான் எனக்கும் ஒரு செம்புல குடுத்தாங்க.

அங்க போறவங்க ஒண்ணு கவனிக்கணும், ஒரு பக்கம் பாக் நீரிணைய பெண்கடல்னும் இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடாவ ஆண்கடல்னும் சொல்வாங்க, ஆனா வாடைக்காத்து காலத்துல பெண்கடல்தான் கொந்தளிக்கும், தென்மேற்குக் காத்து ஏறுனா ஆண்கடல். எந்தப் பக்கம் அமைதியா தெரிஞ்சாலும் முனையில இறங்காதீங்க, இழுப்பு அதிகம்.

பை கட்டுறப்ப என்ன எடுத்துட்டு வர்றதுங்குறதுல கண்டிப்பா இருங்க. கரையில கிடந்த பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எதையும் தொடாதீங்க, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972ல வர்றது, சும்மா கிடந்துச்சுன்னு சொன்னா கேக்கமாட்டாங்க. சட்டத்த விடுங்க, மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவையும் சுத்தி அந்த பவளம்தான் அலையத் தடுக்குது, மீன் குஞ்சுக்கு வீடும் அதுதான், அங்க இருக்குறவங்க பொழப்பு அதுல இருக்கு. அதுக்கு பதிலா கருவாடு வாங்கிக்கங்க. நெத்திலி ஒண்ண எடுத்து ஒடிச்சா பட்டுனு ஒடியணும், வளைஞ்சா ஈரம் இருக்கு, வழியிலயே பூஞ்சை பிடிக்கும். பேப்பர்ல சுத்தி, அதுக்கு மேல ரெண்டு கவர் போட்டு இறுக்கிக் கட்டி, பையோட வெளிப்பக்கம் வைங்க. பை ஜிப்பு, சார்ஜர் முனை, குடைக் கம்பி எல்லாம் உப்பு ஏறியிருக்கும், கிளம்புறதுக்கு முன்னாடி ஈரத்துணியால துடைச்சு காயவிட்டு ஒரு சொட்டு தேங்காண்ணெய் தடவிட்டேன், ஜிப்பு இன்னைக்கும் நல்லா ஓடுது.

டிக்கெட் விஷயம் சுருக்கமா. சென்னை மாதிரி தூரமா போறவங்க தேதி தெரிஞ்ச உடனே போட்டுடுங்க, 60 நாள் முன்னாடியே திறக்குது, தட்கல நம்பி இருக்காதீங்க, அது முதல்நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு மத்ததுன்னு கடைசி நாள் நிம்மதியவே தின்னுடும். எனக்கு அடுத்து தூத்துக்குடிதான், அதுக்கு நேரா பஸ் இருக்கு. ஆனா நான் அதுல ஏறல. பிடிச்ச ஊர விட்டு ஒரே மூச்சுல ரொம்ப தூரம் போனா எனக்கு ரெண்டு நாளைக்கு சோறு இறங்காது, இது என் சுபாவம். அதனால கொஞ்சம் கொஞ்சமா விலகுற மாதிரி பிரிச்சுக்கிட்டேன். மதுரை பாசஞ்சர்ல ராமநாதபுரம் வரைக்கும், அங்கேருந்து டவுன் பஸ்ஸு மாதிரி சின்னச் சின்னதா கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடின்னு கிழக்குக் கடற்கரைச் சாலையில. மாவட்டம் ஒண்ணுதான், பேச்சு ஒண்ணுதான், மீன்வாடை ஒண்ணுதான், ஆனா ஒவ்வொரு ஊரா ராமேஸ்வரம் பின்னாடி போயிக்கிட்டே இருக்கும்.

ரயில்ல போனதுக்கு இன்னொரு காரணம் பாம்பன் பாலம். 1914ல திறந்த பழைய பாலத்துல 2022 டிசம்பர்ல ரயில நிறுத்துனதுக்கு அப்புறம், 2025 ஏப்ரல் 6 புதுப்பாலம் திறக்குற வரைக்கும் தீவுக்குள்ள ரயிலே கிடையாது. அந்த ரெண்டு வருஷத்துக்கும் மேல தங்கச்சிமடத்துக்காரங்க பாம்பன்காரங்க எல்லாம் பட்ட பாட்ட டீக்கடையில கேட்டிருக்கேன், அதனால அந்த ரயில்ல உள்ளூர் ஆளுங்களோட உக்காந்து போகணும்னு ஆசை. பழைய பாலத்துல கப்பல் வந்தா ஆளுங்க கையால சுத்தித்தான் நடுவுல திறப்பாங்க, இப்ப 72.5 மீட்டர் நீளத்துக்கு நடுப்பகுதி மட்டும் 17 மீட்டர் நேரா மேல ஏறும். எதிர்ல உக்காந்திருந்த ஒரு பெரியம்மா பாலம் வந்ததும் மடியிலேருந்து ஒரு ரூபா எடுத்து கடல்ல போட்டாங்க, எனக்கும் ஒண்ணு குடுத்து "நீயும் போடு தாயி, தனியா போற பிள்ளை"ன்னாங்க. போட்டேன்.

கீழக்கரையில இறங்கி தொதல் வாங்கினேன். தேங்காப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவும் போட்டு மணிக்கணக்கா கிண்டி எண்ணெய் பிரியிற பக்குவத்துல இறக்குறது, சீக்கிரம் கெடாது, பயணத்துக்கு நல்லது. வித்த லாத்தா, அங்க முஸ்லிம் வீடுகள்ல அக்காவ அப்படித்தான் கூப்பிடுவாங்க, நான் ராமேஸ்வரத்துலேருந்து வர்றேன்னதும் அங்க யாருக்காச்சும் குடுக்கணுமான்னு கேட்டாங்க, அவங்க சொந்தக்காரப் பையன் மறுநாள் பாம்பன் வரைக்கும் போறானாம். அக்காவுக்கு அரைக்கிலோ கட்டி, போன் நம்பர மேல எழுதிக் குடுத்துவிட்டேன். சாயல்குடியில பஸ் மாறுறப்ப அக்காகிட்டேருந்து போன், தொதல் வந்துருச்சாம், பிள்ளைங்க பாதிய தின்னுடுச்சாம். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு ஓடாது, மாமா வீட்லதான் இருப்பாரு, அப்ப வா, கொஞ்ச நாள் தங்குற மாதிரி வான்னாங்க. வர்றேன்க்கான்னு சொன்னேன். "சரி சரி, வெயில்ல நிக்காத, பஸ்ஸுல சன்னலோரமா உக்காரு, ரூம் கிடைச்சதும் போன் போடு"ன்னு வச்சுட்டாங்க. தூத்துக்குடி பஸ்ஸுல சன்னலோரம் கிடைச்சுது. ரயில் டிக்கெட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு, மே மாசம் ஒரு தேதிய இப்பவே காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன்.